கரும்பு விலை தெரிந்தவனுக்கு 'இஃப்' தெரியாதா?

"கணக்கு குரூப் எடுக்காதவனுக்கு புரோகிராம் வராது." கள்ளக்குறிச்சி பக்கம் பி.காம். படிக்கிற பிள்ளைகள் காதில் அடிக்கடி விழுகிற வசனம் இது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சேர்த்துக் கிடைக்கும்: "உனக்கு இங்கிலீஷும் வராது."

இரண்டுமே தப்பு. சொல்லிக் கொடுக்கத் தெரியாததற்குப் படிக்கிறவன் தலையில் பழி போடுகிற வேலை.

ஆரம்பத்தில் அப்படி என்னதான் படிக்க வேண்டும்? இரண்டே விஷயம். ஒன்று நிபந்தனை: "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்." இன்னொன்று மடக்கு, அதாவது லூப்: "இது முடிகிற வரை திரும்பத் திரும்பச் செய்." அவ்வளவுதான்!

ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? இஃப், எல்ஸ், ஃபார், வைல் எல்லாவற்றுக்கும் விளக்கம் டிக்டேஷன். போர்டில் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று ஒரு புரோகிராம். ரெக்கார்டு நோட்டில் எழுதி, மனப்பாடம் பண்ணி, பிராக்டிகலில் கொட்டினால் மார்க். 1 முதல் 10 வரை பிரிண்ட் செய்தவனை 20-லிருந்து இறங்கி வரச் சொன்னால் முழிப்பான். ஏன் முழிக்க மாட்டான்? ஒற்றைப்படை கண்டுபிடிக்க யாருக்கு கம்ப்யூட்டர் வேண்டும்?

நிஜமான நிபந்தனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலையைப் பாருங்கள். சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் இருந்தால் டன்னுக்கு 3,550 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 34.60 ரூபாய் கூடும். இறங்கினால் அதே கணக்கில் குறையும். ஆனால் 9.5 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு போனாலும் விலை 3,290.50-க்குக் கீழே இறங்காது.

அச்சு அசல் இஃப், எல்ஸ்! இதில் கடைசி நிபந்தனையை எழுத மறந்தால் என்ன ஆகும்? கட்டுமானம் 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 3,117.50 என்று காட்டும். 173 ரூபாய் குறைவு. 40 டன் அனுப்பிய விவசாயிக்கு 6,920 ரூபாய் நஷ்டம். ஒரே ஒரு 'இஃப்' விட்டுப்போனதற்கு! இதைப் பார்த்த பிள்ளைக்கு நிபந்தனை எதற்கு என்று தனியாக விளக்க வேண்டுமா?

மடக்கு காமர்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. 1,00,000 ரூபாய் இயந்திரம், குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். 90,000, 81,000, 72,900... எந்த ஆண்டு பாதிக்குக் கீழே போகும்? 50,000-க்குக் குறைகிற வரை கழித்துக்கொண்டே போனால் 7-ஆம் ஆண்டு முடிவில் நிற்கும். அதுதான் வைல் லூப். கழிக்கிற வரியை எழுத மறந்தால் மதிப்பு குறையாது, மடக்கும் நிற்காது. பேலன்ஸ் ஷீட் போடுகிறவனுக்கு இது புரியாதாம், நம்பச் சொல்கிறார்கள்.

அடுத்து இங்கிலீஷ். முத்தையா அண்ணாமலை 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல் மொழி உருவாக்கி, 2009-லேயே அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அதில் நிபந்தனையை முதலில் எழுதி, அப்புறம்தான் 'ஆனால்' போட வேண்டும். மடக்குக்கும் அப்படியே, கடைசியில் 'வரை'. நாம் பேசுகிற வரிசையே அதுதானே? "மழை பெய்தால்" என்கிறோம், 'ஆல்' முன்னால் வருவதில்லை.

"எழில் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பார்கள். வேலைக்கு பைத்தான் படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? யோசனை தமிழில் பிடிபட்டுவிட்டால் இஃப், வைல் எல்லாம் வெறும் நாலு வார்த்தை.

"சாட்ஜிபிடியே எழுதித் தருகிறதே" என்பது லேட்டஸ்ட் சாக்கு. தருகிறது, சரி. அது 9.5 நிபந்தனையை விட்டுவிட்டால் கண்டுபிடிக்கப் போவது யார்? நிபந்தனை படிக்கத் தெரியாதவன் கண்டுபிடிக்க மாட்டான். 6,920 ரூபாய் போனது போனதுதான்.

ஆகவே முதல் மாதம் கம்ப்யூட்டரே வேண்டாம். பேப்பரும் பேனாவும் போதும். மரவள்ளி போடுகிற மலை வீட்டுப் பிள்ளைக்கு, ஆலைக்காரர் மாவுச்சத்தை 'பாயிண்ட்' பார்த்துக் காசு கொடுப்பது தெரியும். அந்தப் பிள்ளையிடம் நிபந்தனைக்கு விளக்கம் கேட்காதீர்கள். "பாயிண்ட் குறைந்தால் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேளுங்கள். பட்டென்று பதில் வரும். அதை வரி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

புரோகிராம் வராது என்று அப்புறம் சொல்லுங்கள் பார்ப்போம்.