தண்டவாளம் காத்தவர்க்கு ஓர் இல்லம்

ஒரு சமுதாயம் எவற்றைப் பேணி வைக்கின்றது என்பதைக் கொண்டே அதன் உள்ளத்தை ஒருவாறு அளந்துவிடலாம். வன்னியிலும் அதன் வாயிலிலும் போரின் பின்னர்ப் பேணப்பட்டவை யாவை? 1991ஆம் ஆண்டுச் சமரில் சிதைந்த கவச புல்டோசர் ஆனையிறவிலே நினைவுச் சின்னமாயிற்று. கிளிநொச்சியில் வீழ்த்தப்பட்ட நீர்த்தாங்கி வழிப்போக்கர் பார்த்துச் செல்லுங் காட்சிப்பொருளாயிற்று. அழித்தலுக்குச் சின்னங்கள் உள. ஆக்கலுக்கும் காத்தலுக்கும் ஒன்றேனும் வேண்டாவோ?

இவ்வினாவுக்கு விடையாக யாம் வேண்டுவது பெரிய மாளிகையன்று. புகையிரதப் பாதையைப் பராமரித்த தொழிலாளர் தங்கிய சிறு மனையொன்றும், அவர் கையாண்ட கருவிகளுமே.

வடபாதையின் வரலாறு நெடியது. 1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறையிலிருந்து பளை வரை வண்டி ஓடிற்று. வன்னிக் காட்டை ஊடறுத்த பாதையும் இணைந்த பின்னர், 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி கொழும்பும் யாழ்ப்பாணமும் இருப்புப்பாதையால் தொடுக்கப்பட்டன. 1956ஆம் ஆண்டு ஏப்பிரலில் யாழ்தேவி புறப்பட்டது. இவற்றை நூல்கள் கூறும். ஆயின், காய்ச்சலும் காட்டு விலங்கும் மலிந்த அந்நிலத்திலே நாடோறும் பாதை வழியே நடந்து அதனைக் காத்தவரை எந்நூல் கூறும்?

பாதை இட்டதோடு பணி முடிந்ததென எண்ணுதல் பொருந்தாது. வெயிலில் இரும்பு நீளும். மாரியில் மண் கரையும். வண்டியின் பாரத்தாற் சல்லி அமிழும். ஐந்தடி ஆறங்குல இடைவெளி சிறிது பிறழினும் உயிர்ச்சேதம் நேரும். ஆதலின் தளர்ந்த ஆப்பைச் சம்மட்டியால் இறுக்கியும், சிலிப்பர்க் கட்டையின் கீழ்ச் சல்லியை அடைத்தும், இடைவெளியை அளவுகோலால் ஒத்துப் பார்த்தும் அவர் உழைத்தனர். பயணி இருக்கையிற் சாய்ந்து உறங்கியது அவர் விழித்திருந்தமையாலன்றோ?

இலக்கிய அன்பர்க்கு மற்றொன்றுஞ் சொல்ல வேண்டும். அக்கருவிகளோடு சொற்களும் வாழ்ந்தன. அலவாங்கு என்பது போர்த்துக்கேயர் தந்தது. பிக்காசும் சிலிப்பரும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. கங்காணி என்பதோ நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்தது. ஒரு தொழிலாளியின் கருவிக் கொட்டிலுள் நான்கு நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடந்தது. பொருள் மறையின் அதன் பெயர் அகராதியில் மட்டுமே எஞ்சும்.

1990ஆம் ஆண்டு யூனில் வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்கு உத்திரமாயின. கட்டைகளும் அவ்வழியே போயின. ஊரை இணைத்த இரும்பே உயிருக்கு அஞ்சி ஒளிந்தவனுக்குக் கூரையாயிற்று. பின்னர் இந்தியாவின் இர்கொன் நிறுவனம் ஓமந்தைக்கும் பளைக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் பாதையைப் புதிதாய் அமைத்தது. 2013ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு ஒற்றோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி மீண்டது. மகிழத்தக்கதே. ஆயினும் கொங்கிரீற்றுக் கட்டையின் மேல் அமைந்த புதுப்பாதை, பழைய பாதையின் தொழில்நுட்பத்தை நினைவூட்டுவதன்று. இருபத்து நான்கு ஆண்டுகள் வண்டியின் ஓசையே கேளாது வளர்ந்த தலைமுறைக்கு அஃது எங்ஙனம் தெரியும்?

“வீடற்றோர்க்கு வீடில்லாத நாட்டில், பழங் கருவிக்கு வீடோ?” எனச் சிலர் வினவுவர். நேர்மையான வினாவே. மக்களின் வீட்டுக்குரிய பணத்தில் ஒரு சதமேனும் இதற்கு வேண்டா. பாதையோரத்தில் ஒரு சிறு கட்டடமும் பொருள்களைச் சேகரிக்கும் முயற்சியுமே போதும். “எல்லாம் அழிந்தனவே, எதனைக் காப்பது?” என்பார் வேறு சிலர். அழிந்தவை பல, எல்லாமன்று. பதுங்குகுழியிலிருந்து மீண்ட தண்டவாளத் துண்டும் காட்சிக்குரியதே. அதன் வரலாற்றை அதனருகே எழுதி வைத்தல் வேண்டும்.

கடுகண்ணாவையில் 2014ஆம் ஆண்டு டிசெம்பரிலே தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இலங்கையின் முதல் வண்டி ஓடி நூற்றைம்பது ஆண்டு நிறைந்த வேளை அது. ஆயினும் அங்கே காண்போரின் கண்ணை ஈர்ப்பது எஞ்சினே. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பாதையிலோ, ஒசியர், கம்பிரஸ் ஆகிய இடங்களிலே பாதைத் தொழிலாளரின் மனைகளையே பேணியுள்ளனர். எஞ்சினைப் போற்றுவோர் எங்குமுளர். பாதையைக் காத்த கையைப் போற்றுதல் அரிது.

மாங்குளம் இதற்குத் தக்க இடமாகும். முல்லைத்தீவு வீதி கண்டி வீதியோடு கூடுவதும் அங்கே. வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் மாணவர் எளிதில் வரலாம். ஆசிரியர்கள் அரசின் ஆணைக்குக் காத்திராது ஒன்று செய்யலாம். அத்தொழில் புரிந்த முதியோரை மாணவர் கண்டு, அவர் கூறுஞ் சொற்களையும் செய்முறைகளையும் எழுதிக்கொள்ளச் செய்யலாம். இரும்பு துருவேறினும் சில காலம் நிற்கும். முதியோர் நினைவோ அவரோடு போய்விடும். ஆதலின் கட்டடம் பின்னர் எழட்டும். ஏட்டுப்பணி இவ்வாண்டே தொடங்குக.