அது கூலிப் பாக்கி

"போனவன் போயிட்டான், குடும்பத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல வந்துருச்சாமே!" டீக்கடையில் இப்படிப் பேசுகிறவர்களின் குரலில் லேசான பொறாமையும் கலந்திருக்கும். சாலை விபத்து இழப்பீடு என்றால் லாட்டரி, அந்த வழக்கை நடத்தும் எங்களைப் போன்ற வக்கீல்கள் பிணத்தை வைத்துப் பிழைப்பவர்கள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. இது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட.

அந்த லட்சங்கள் எப்படி வருகின்றன? இறந்தவர் 32 வயதுக் கொத்தனார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். சம்பளச் சீட்டு ஏது? தீர்ப்பாயம் மாத வருமானத்தை 12,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், 2017-இல் உச்ச நீதிமன்றம் தந்த பிரணய் சேத்தி தீர்ப்பின்படி வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 16,800. தனக்கென்று அவர் செலவழித்திருப்பார் என்று கால் பங்கைக் கழித்தால் 12,600. ஆண்டுக்கு 1,51,200. 2009-இன் சர்லா வர்மா தீர்ப்பு அந்த வயதுக்கு வைத்த மல்டிப்ளையர், அதாவது பெருக்கும் எண், 16. ஆக, 24,19,200 ரூபாய். அறுபது வயதுவரை சாரம் ஏறியிருந்தால் அவர் 28 ஆண்டு உழைத்திருப்பார். மொத்தமாகக் கொடுக்கும் பணத்துக்கு வட்டி கிடைக்குமென்று 16-ஓடு நிறுத்துகிறார்கள். இதில் பரிசு எங்கே இருக்கிறது? அவர் கொண்டுவந்திருக்க வேண்டிய கூலி இது. பிள்ளைகளின் பங்கு, அவர்கள் மேஜராகும்வரை வங்கி வைப்பில் கிடக்கும். கணவனை இழந்ததற்கென்று 2017 தீர்ப்பு தனியாக வைத்த தொகை 40,000.

உயிர் பிழைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். தென்னை ஏறுகிறவருக்கு முழங்கால் மடங்காமல் போகிறது. சான்றிதழில் 40 சதவீத ஊனம். இன்சூரன்ஸ் தரப்பு அந்த 40-ஐ விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். மரமே ஏற முடியாதவருக்கு மீதி 60-இல் என்ன பிழைப்பு இருக்கிறது? உடலின் ஊனம் வேறு, வருமான இழப்பு வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வழக்கிலும் டாக்டரைக் கூண்டில் ஏற்றி அதை மறுபடி நிரூபிக்க வேண்டும். எங்கள் வேலை அதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறவர்கள், இல்லாத விபத்துக்கு வழக்குப் போடுகிறவர்கள், இழப்பீட்டில் பங்கு பேசுகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. அவர்களைத் தண்டிக்கட்டும், எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் அவர்களுக்கு விழ வேண்டிய வசை, தாலியறுத்தவள் தலையில் அல்லவா விழுகிறது?

"புருஷன் செத்த காசுல சோறு திங்கிறியான்னு கேப்பாங்க சார்" என்று சொல்லி ஒரு பெண் கையெழுத்துப் போடாமலே எழுந்துபோனார். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் காலக்கெடு இருக்கிறது. அவர் ஐந்தாம் மாதக் கடைசியில் திரும்பி வந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை ரேஷன் கார்டுக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். "அவர் கூலி கொண்டாந்தப்ப யாராவது இப்படிக் கேட்டாங்களாம்மா?" என்றேன். பதில் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டார்.