குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது?

அந்தியூர், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை. ஒரு பெரிய மனிதர் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்: "துப்பாக்கிக்குக் கண் உண்டா? கூட்டத்தில் சுட்டால் எவன் மேலாவது படத்தான் செய்யும்." தூத்துக்குடியைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்தில் இருந்த தறிக்காரத் தோழர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "துப்பாக்கிக்குக் கண் இல்லை சாமி. சுடுகிறவனுக்கு உண்டல்லவா?"

பெரிய மனிதர் பதில் சொல்லவில்லை. அவருக்கு நாம் பதில் சொல்கிறோம்.

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடு என்று தூத்துக்குடி மக்கள் போராடிய நூறாவது நாள். கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டது, மறுநாளும் சுட்டது. 13 உயிர்கள் பறிபோயின. வன்முறைக் கும்பல் பாய்ந்து வந்தது, தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது சர்க்கார்.

சரி, பாய்ந்து வந்தவனுக்கு எங்கே குண்டு பட்டிருக்க வேண்டும்? முன்பக்கம்! பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர் செய்தி நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் எழுதியது என்ன? 12 பேர் தலையிலோ மார்பிலோ குண்டு பட்டு இறந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் குண்டு பின்புறமிருந்து பாய்ந்திருந்தது. 17 வயது மாணவி ஒருத்திக்குப் பின்னந்தலையில் நுழைந்து வாய் வழியாக வெளியேறியது. முதுகைக் காட்டிக்கொண்டு தாக்க வரும் கும்பலை உலகத்தில் எங்கேனும் யாராவது பார்த்ததுண்டா?

"முன்னால் எது, பின்னால் எது என்று செத்த உடம்பில் எப்படித் தெரியும்?" என்று நமது தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதைப் படிக்காத டாக்டர்களுக்கு மட்டுமே உரிய ரகசியமாக விட்டுவிடக் கூடாது.

குண்டு தோலைக் குத்தி உள்ளே போகும்போது தோலை உள்நோக்கித் தள்ளுகிறது. ஓட்டை பெரும்பாலும் சிறிதாக, வட்டமாக இருக்கும். ஓரத்தில் தோல் உரசிய சிராய்ப்பு வளையம் விழும். வெளியேறும் இடத்திலோ சதை வெளிப்பக்கம் பிதுங்கிக் கிழிந்திருக்கும். அந்த வளையம் சாதாரணமாக இருக்காது. கோணி ஊசியால் மூட்டை தைத்தவனுக்கு இது விளங்கும்: குத்திய பக்கம் நூல் உள்ளே மடங்கும், வந்த பக்கம் வெளியே நீட்டும். மண்டை ஓட்டில் இன்னும் தெளிவு. பானை மீது கல் விட்டால் வெளியே சிறு பொத்தல், உள்பக்கம் அகலமாகச் சில்லு பெயரும். எலும்பும் அப்படியே. நுழைந்த இடத்தில் உள்பக்கம் அகலம்; வெளியேறிய இடத்தில் வெளிப்பக்கம் அகலம்.

தூரமும் தெரியும். துப்பாக்கி வாயை உடம்பில் வைத்துச் சுட்டால் அந்த வாயின் அச்சே தோலில் பதியக்கூடும். கொஞ்சம் தள்ளிச் சுட்டால் புகைக்கரியும், எரியாத மருந்துத் துகள்கள் பச்சை குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகவும் இருக்கும். இன்னும் தூரம் போனால் இரண்டும் இராது. ஆனால் சட்டை மேல் பட்டால் கரி சட்டையில் நின்றுவிடும். அதனால்தான் செத்தவனின் துணி முக்கியமான சாட்சி. அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டால் சாட்சியைக் கொன்றதாக அர்த்தம்.

தூத்துக்குடியில் பிடித்தது லத்தியல்ல, தானே குண்டேற்றிக்கொள்ளும் ரகத் துப்பாக்கி. அந்த 7.62 மில்லிமீட்டர் குண்டு வினாடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. போகும் வழியில் சதையை ஒரு கணம் பலூன்போல் ஊதி விரிக்கிறது. தொடாத ஈரலும் நரம்பும்கூடக் கிழிகின்றன. கூட்டத்தைக் கலைக்கும் ஆயுதமா இது? கீழே குறிவைத்துச் சுடு என்று போலீசின் விதிகளே சொல்கின்றன. தலையும் மார்பும் எப்போது கீழே வந்தன?

சுடும் நொடியில் ஒருவன் திரும்பியிருக்கலாம், குனிந்திருக்கலாம் என்று வக்கீல்கள் வாதிப்பார்கள். ஒருவனுக்கு அது சரி. பாதிப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்களா? திரும்பினார்கள்தான்! ஓடினார்கள். ஓடியவர்களைச் சுட்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனும் இதைத்தான் கண்டது. 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்ட அறிக்கை, ஒரே போலீஸ்காரர் 17 ரவுண்டு சுட்டதைச் சொல்கிறது. 17 போலீசார் மீதும் அப்போதைய கலெக்டர் மீதும் நடவடிக்கை கேட்கிறது. டெலிவிஷனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றாரே அன்றைய முதலமைச்சர், நமது எடப்பாடிக்காரர்? அவருக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கொண்டிருந்தது என்கிறது அதே அறிக்கை. தேசிய மனித உரிமை ஆணையமோ 2018 அக்டோபரிலேயே கோப்பைக் கட்டி வைத்துவிட்டது. காயங்கள் பேசின, கேட்கத்தான் அவர்களுக்குக் காது இல்லை.

இது தூத்துக்குடியின் கதை மட்டுமல்ல. 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தார்கள், கல்லும் அரிவாளும் வீசினார்கள் என்று சொன்னது. ஒரு தொழிலாளியின் மனைவி கோர்ட்டுக்குப் போனார். ஹைதராபாத் ஐகோர்ட் உத்தரவின்மேல் ஆறு உடல்களுக்குத் திருவண்ணாமலையில் மறு பரிசோதனை நடந்தது. பர்கூர் மலையில் கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிற நமக்கு, அந்த இருபது பேர் யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1950 பிப்ரவரி 11ல் சேலம் சிறையில் பூட்டுக்குள் இருந்த 22 கம்யூனிஸ்டுகளைச் சுட்டார்கள். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த மூன்று விவசாயிகளைச் சுட்டார்கள். அன்று எந்த டாக்டர் எந்தக் காயத்தை அளந்தார்?

இனி அப்படி விடமாட்டோம். போலீஸ் மோதல் சாவுகளில் இரண்டு டாக்டர்கள் பரிசோதிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும், சுட்ட துப்பாக்கியைத் தடய சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 2014ல் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டிருக்கிறது. ஊர்வலத்தில் சுட்டாலும் அதே முறை வேண்டும் என்று கேட்கிறோம். கத்தி வைக்கும் முன் எக்ஸ்ரே எடு. துணியைக் காயவைத்துத் தனித்தனியே சீல் வை. ஒவ்வொரு காயத்தின் இடத்தையும் உள்ளங்காலிலிருந்து அளந்து எழுது. அறிக்கையின் நகலைக் குடும்பத்தின் கையில் கொடு. அவசரம் அவசரமாக இரவோடு இரவாக எரிக்கச் சொன்னால், எந்த ஊரானாலும் தோழர்கள் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரக் கூடாது. முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது?