கீழ் போர்ஷனில் குழந்தைகள் காப்பகம்

"வீட்டைக் குழந்தைகள் காப்பகத்துக்கு விட்டால் நல்ல வரும்படியாமே, விடலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2018-ல் எங்கள் நங்கநல்லூர் வீட்டின் கீழ் போர்ஷனை அப்படித்தான் விட்டோம். குடும்பத்துக்கு விட்டால் கிடைப்பதைவிட ஒன்றரைப் பங்கு வாடகை. இவர் ரிடையரான சமயம். எனக்கு வாயெல்லாம் பல்! மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போது மாடியில் மிக்ஸிகூடப் போடமாட்டேன்.

எந்தச் செலவு யாருடையது என்று மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. மின்சாரம் வீட்டுக் கட்டணத்திலிருந்து மாறி, 100 யூனிட் இலவசம் போச்சு. வீட்டு வரியும் ஏறிற்று. எல்லாம் எங்கள் தலையில்.

அமெரிக்காவில் காப்பகக் கட்டடம் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள் 'ட்ரிபிள் நெட் லீஸ்' என்று போடுகிறார்கள். வரி, இன்ஷூரன்ஸ், பராமரிப்பு மூன்றும் வாடகைக்கு வருகிறவர் பொறுப்பு. கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அதுவும் காப்பகம் நடக்கிறவரைக்கும்தானே?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடினார்கள், திறக்கவேயில்லை. அட்வான்ஸ் வாடகை பாக்கியில் கழிந்தது. மிஞ்சினது குட்டிக் கம்மோடுகளும் முழங்கால் உயர வாஷ்பேசினும்! அதைப் பார்த்து எந்தக் குடும்பம் குடி வரும்? இடித்து மாற்ற என் வளையல் இரண்டு அடகுக்குப் போச்சு.

விடுவதானால் தாராளமாக விடுங்கள், சகோதரி. வரி, கரண்ட், ரிப்பேர் யார் கட்டுவது, காலி செய்யும்போது பழையபடி மாற்றித் தருவது யார் செலவு, எத்தனை மாசம் முன்னால் சொல்லணும் எல்லாவற்றையும் எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிட்டு, அப்புறம் சாவியைக் கொடுங்கள்.