கயிறு தெரிந்த பொம்மைகள்

பால்யத்தில் பார்த்த தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி உருகி எழுதுவதை இலக்கிய வாசகர் சற்றே ஐயத்துடன்தான் நோக்குவார். அந்த ஐயம் நியாயமானதே. நினைவேக்கம் பெரும்பாலும் செலவில்லாத துக்கம். யாரையும் எதற்கும் பொறுப்பாக்காத துக்கமும்கூட. அதை நன்கறிந்தே, களமருதூரில் வளர்ந்த நாங்கள் சிலர் சேர்ந்து இன்று ஒரு பொம்மைத் தொடரைப் பற்றி எழுத முற்படுகிறோம். எங்கள் ஏக்கத்தை எங்களிடமே கேள்வியாகத் திருப்பிய ஒரு நிகழ்வு 2019இல் நடந்தது என்பதே இதற்குக் காரணம்.

எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. திருவிழா முடிந்தால் உளுந்தூர்பேட்டையிலிருந்து கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். தெருவில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படங்கள். அப்படியோர் இரவில், கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்த கேசட்டை, படங்களுக்கு நடுவே போட்டுக் காட்டினார். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் பின்னோக்கி ஓடின. நீச்சல்குளம் நகர்ந்து வழிவிட, அதன் அடியிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. இருபுறமும் மரங்கள் வளைந்து சாய, பச்சை நிறத்தில் பருத்த விமானம் ஒன்று நடுவே ஊர்ந்து வந்தது. ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. புரியாதது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

தொடரின் பெயர் 'தண்டர்பேர்ட்ஸ்' என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியர் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் உருவாக்கியது. 1965 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பு தொடங்கி 32 பகுதிகளோடு நின்றுபோனது. கதை நூறாண்டு கழித்து நடக்கிறது. முன்னாள் விண்வெளி வீரரான ஒரு பெருஞ்செல்வரும் அவருடைய ஐந்து மகன்களும் தனித்தீவொன்றில் இரகசியமாக ஒரு மீட்பு அமைப்பை நடத்துகிறார்கள். ஒரு மகன் விண்வெளி நிலையத்தில் அமர்ந்து, உலகின் எந்த மூலையிலிருந்து அபயக்குரல் எழுந்தாலும் கேட்டுச் சொல்கிறான். மற்றவர்கள் இயந்திரங்களோடு புறப்படுகிறார்கள். அறிவியல் புனைவென்றாலே போர் என்றிருந்த எங்களுக்கு, எவரையும் வெல்லப் போகாமல் காப்பாற்ற மட்டுமே போகும் இயந்திரங்கள் புதிதாயிருந்தன.

நாங்கள் பார்த்த பகுதியில் ஒரு தாயும் தந்தையும் சிறுவனும் பெருங்கட்டடம் ஒன்றின் அடியில் சிக்கிக்கொள்கிறார்கள். மேலே தீ. பச்சை விமானத்தின் வயிற்றிலிருந்து, திருகுமூக்குக் கொண்ட ஓர் இயந்திரம் இறங்கி நிலத்தைக் குடைந்து செல்கிறது. பாயில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் எங்களில் ஒருவன், “கவுறு தெரியுதுடா” என்று கத்தினான். உண்மைதான். பொம்மைகளின் தலைக்குமேல் மெல்லிய கம்பிகள் மின்னின. அருகிலிருந்த பாட்டி வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: “தெரிஞ்சா என்ன? எவனோ ஒருத்தன் புடிச்சிருக்கான்னு அர்த்தம்.”

அந்தக் கம்பிகளை மறைக்கப் பின்னணியின் வண்ணத்தையே அவற்றின்மீது பூசிப் படாதபாடு பட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 22 அங்குல உயரப் பொம்மைகள். தலைக்குள் சிறு மின்காந்தக் கருவி. முன்பே பதிவுசெய்த குரலின் மின்துடிப்பு அந்தக் கம்பி வழியாகவே இறங்கி உதட்டை அசைக்கும். நடக்கவைப்பதுதான் கடினம். ஆகவே பாத்திரங்களை இயன்றவரை உட்காரவைத்தும், ஊர்திகளில் ஏற்றியும் சமாளித்தார்கள். பொருளொன்றைப் பற்றும் அண்மைக் காட்சியில் மனிதக் கை வந்துவிடும்.

நம் பொம்மலாட்டத்தில் இந்த மறைப்பே இல்லை. நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் கொண்ட பாவைகள் தமிழகத்தில் உண்டு. அவற்றின் கயிறுகளை ஆட்டுபவர் தம் தலையில் அணிந்த வளையத்தில் கட்டிக்கொள்வார். அவர் தலை அசைந்தால்தான் பாவை அசையும். தெருக்கூத்திலோ திரையைப் பிடித்து நிற்கும் இருவரையும் ஊரே பார்க்கும். அதனால் துரியோதனனின் வருகைக்கு ஒரு குறைவும் வந்ததில்லை. இந்த மரபில் வளர்ந்த பாட்டிக்குக் கம்பி தெரிந்தது ஏமாற்றமளிக்கவில்லை. செயலுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்பதற்கான சாட்சியாகவே அவர் அதைக் கண்டார்.

2015இல் அதே தொடரைக் கணினி வரைகலையில் மறுபடியும் எடுத்தார்கள். கம்பிகள் இல்லை, நடை சீராக இருக்கிறது. எங்கள் குழந்தைகள் அதை மிக விரும்பிப் பார்த்தார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் கையே தெரியாதபோது இயந்திரம் தானாகவே வந்து காப்பாற்றிவிடும் என்ற மயக்கம் எளிதில் தொற்றிக்கொள்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இந்தத் தொடரின் விதை உண்மை நிகழ்வொன்றில் இருக்கிறது. 1963 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் லெங்கடே என்னும் ஊரில் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 29 பேர் இறந்தார்கள். துளையிடும் கனரகக் கருவி தொலைவிலிருந்து வந்துசேர வேண்டியிருந்தது. இரண்டு வாரங்களுக்குப் பின், துளைவழியே இறக்கிய சிறு கூண்டில் 11 பேர் உயிரோடு மேலே வந்தார்கள். அச்செய்தியைக் கேட்ட ஜெரி ஆண்டர்சனுக்கு, இத்தகைய கருவிகள் எப்போதும் ஆயத்தமாக இருந்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. காலத்தில் வராத கருவியைப் பற்றிய கவலையில் பிறந்த கதை அது.

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. தீபாவளி நாட்கள். தமிழகமே தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருந்தது. பக்கத்தில் இணையாகக் குழி தோண்ட இயந்திரம் வந்தது, கடும்பாறையில் திணறியது, அதைவிட வலிய இயந்திரம் வந்தது. குழந்தை சுமார் 88 அடி ஆழத்துக்கு நழுவியிருந்தது. திருகுமூக்கு இயந்திரத்தைக் கண்டு பாயிலிருந்து எழுந்த அதே எங்களுக்கு, அன்றும் அது குடைந்து சென்றுவிடும் என்றே மனம் சொல்லிற்று. 29ஆம் தேதி விடியுமுன் உடல்தான் மேலே வந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஏக்கம் பழையபடி இல்லை. அத்தொடரோடு எங்களுக்கொரு வழக்கு உண்டானது. அதில் மீட்பு என்பது ஒரு செல்வக் குடும்பத்தின் இரகசியக் கருணை. கேட்டுப் பெறும் உரிமை அன்று. மீட்பு எப்போதும் விபத்துக்குப் பின், கடைசி நொடியில், பேரிசையோடு வருகிறது. விபத்துக்கு முன்பு வரும் மீட்பைக் கதையாக்க முடியாது. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டும், தோண்டும்போது வேலியிடவேண்டும், குழாயின் வாயை இரும்புத் தகட்டால் அடைக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010லேயே நெறிமுறை வகுத்திருந்தது. ஓர் இரும்பு மூடி. அதைத் திருகிவைக்கும் ஒரு கை. அதைப் படமெடுக்க எவரும் வரமாட்டார்கள்.

எங்கள் மாவட்டம் 2019இல் கள்ளக்குறிச்சியாயிற்று. அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில், சாலை எட்டாத ஊர்களிலிருந்து நோயாளிகளைத் துணித்தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். 2008 முதல் தமிழகத்தில் 108 ஊர்தி இருக்கிறது, ஆனால் பாதை முடியுமிடத்தில் அதுவும் நின்றுவிடும். அம்மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. அபயக்குரலைக் கேட்க விண்வெளி நிலையம் தேவையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே நண்பர்களே, பழைய தொடர்களை நினைத்து ஏங்குவதை நாங்கள் விட்டுவிடச் சொல்லவில்லை. நாங்களும் விடப்போவதில்லை. அந்தப் பொம்மைகள், இயந்திரத்தின் பெருமை ஓர் உயிரைக் காப்பதில்தான் இருக்கிறது என்று எங்களுக்குக் கற்பித்தன. ஒரு குழந்தைக்காக எல்லாக் கருவிகளையும் கிளப்பலாம் என்றன. கற்றதை மறக்காமலிருப்பதும், அது நடவாதபோது கேட்பதும்தான் அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை. உங்கள் ஊரில் மூடாத ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கக்கூடும். கயிறு அங்கேயும் உண்டு. அதைப் பிடித்திருக்கவேண்டிய கை யாருடையது என்று ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.