விதியா, விலையா?

கடுந்தலசீமியா கண்ட குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். காரணம் யாதென வினவின், செமோர்த் தோட்டத்து லயமாயினும் ஈப்போ நகரத்து மாடிவீடாயினும் நம்மவர் பலர் கூறும் விடை ஒன்றே: பூர்வஜன்ம வினை!

தோழர்களே, அவ்வினையின் இருப்பிடம் இன்று தெரிந்துவிட்டது. கருப்பையிலுள்ள சிசுவுக்குத் தனியானதொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்தபின் பி.சி.எல்.11ஏ என்னும் மரபணு அதனை அடக்கிவிட, வேறொன்று அதனிடத்தைப் பெறுகிறது. நோயின் குறை இப்பின்னதிலேயே உளது. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியிலெடுத்து, அவ்வடக்கும் மரபணுவைச் சிவப்பணுக்களில் முடுக்கிவிடும் துண்டைக் கிரிஸ்பர் என்னுங் கருவியால் வெட்டி, மீண்டும் உடலிற் செலுத்தினால், உறங்கிய சிசு ஹீமோகுளோபின் விழித்துக்கொள்ளுகிறது. காஸ்ஜெவி எனப்படும் இச்சிகிச்சையைப் பிரிட்டன் 2023 நவம்பரில் அங்கீகரித்தது. கருவியால் வெட்டுண்டு போவது முற்பிறவிப் பாவமாகுமா?

"படைப்பில் கைவைக்கலாமா?" என்பர் வைதிகர். அம்மை குத்திக்கொண்டபோதும் மூக்குக்கண்ணாடி அணிந்தபோதும் இக்கேள்வி எங்கே போயிற்று? சீனத்தில் 2018-இல் ஒருவர் கருவையே திருத்திப் பிறப்பித்ததை உலகம் கண்டித்தது, நியாயமே. இதுவோ நோயாளியின் இரத்தத்தோடு நிற்பது, சந்ததிக்குச் செல்லாதது.

இனி உண்மையான தடையைக் கேளுங்கள். அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். 2025-இல் உயர்த்தப்பட்ட நம் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. செக்ரோல் எழுதிப் பழகிய கையால் கணக்கிட்டேன்: ஒரு தொழிலாளி ஒரு காசும் செலவழியாது 400 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும்!

விதி போன இடத்தில் விலை வந்து நிற்கிறது. விதியென்று வாய்மூடிக் கிடப்பவன், விலையைக் குறையென்று எவரிடம் கேட்பான்? வினைவாதம் மருந்து முதலாளிக்குச் செய்யும் ஊழியம் இதுவே.

கேட்பதற்கு ஆதாரமும் உண்டு. வேலூர்க் குருத்தணு ஆராய்ச்சி நிலையத்தார், சிசு ஹீமோகுளோபினை எழுப்பவல்ல புதிய மரபணு மாற்றங்களை மனிதக் குருத்தணுக்களிற் செய்துகாட்டி 2022-இல் வெளியிட்டனர். இவ்வறிவு வெள்ளையர் தனிச்சொத்தன்று. பொதுப்பணத்தில் பொதுமருத்துவமனைக்கு இதனைக் கொணருமாறு அரசை வற்புறுத்துவது நம் சங்கங்களின் கடமை.

அதுவரை? நான்காம் படிவ மாணவர்க்கு 2016 முதல் தலசீமியாச் சோதனை நடைபெறுகிறது. தாய் தந்தை இருவரும் நோய்க்கூறு தாங்கியவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பத்துப் பொருத்தம் பார்க்கச் சோதிடனுக்குத் தட்சிணை கொடுக்கும் பெற்றோரே, பிள்ளையின் இரத்தச் சோதனைக்குக் கையொப்பம் கொடுங்கள். ஜாதகக் கட்டில் இந்நோய் தெரியாது!