ரோசிக்கும் ஒரு டிக்கெட்

எங்கள் நோணாங்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கடலூர் ரோட்டில் வேன்களுக்குக் குறைவே இருக்காது. எல்லாம் சுண்ணாம்பாறு படகுத் துறைக்கு வருகிறவைதான். ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க வருகிற இடத்தில் குடியிருக்கிற எங்களுக்கு, வருகிறவர்களைப் பார்ப்பதுதான் வேடிக்கை.

போன மாதம் ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வெளியூர் வேன் ஒன்று ஓரமாக நின்றது. இறங்கிய கூட்டத்தில் மூன்று வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை. கையில் ஒரு துணிப் பொம்மை. அது எந்தக் காலத்தில் என்ன நிறமாக இருந்ததோ, அன்றைக்கு அழுக்கு நிறம்தான். "போட்டுல ஏறும்போது தண்ணியில விட்டுடுவ, குடு இப்படி" என்று அம்மா அதைப் பிடுங்கி சீட்டில் எறிந்தாள். குழந்தை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டது. "வந்த இடத்துலயும் இந்தக் கந்தலைத் தூக்கிக்கிட்டு மானத்தை வாங்குறா" என்று முதுகில் இரண்டு வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

முன்பின் தெரியாத பெண்ணிடம் நடுரோட்டில் புத்தி சொல்ல நாம் யார்? பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் ராத்திரி அடுப்படியைத் துடைத்துவிட்டுப் படுத்த பிறகும் மனசு கேட்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை சகோதரிகளே. அதையேதான் நானும் ஒருமுறை செய்தேன்.

என் பெண்ணின் முதல் பிறந்த நாளுக்கு என் நாத்தனார் பிரான்சிலிருந்து வந்தபோது ஒரு பொம்மை கொண்டுவந்தார். புதுச்சேரிக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு உறவு இருக்குமே, அப்படி. பொம்மைக்கு உடம்பு துணி, முகம் ரப்பர், முதுகில் ஒரு சாவி. சாவி கொடுத்தால் ஏதோ ஒரு தாலாட்டு வரும். பேட்டரி கிடையாது. ரோசி என்று பெயர் வைத்தது என் மாமியார். பாட்டு முடியும் சமயத்தில் மெள்ள மெள்ள இழுத்து, கடைசி சுரத்துக்கு முன்னால் நின்றுவிடும். அந்த மிச்ச சுரத்தை அத்தைதான் வாயால் பாடி முடிப்பார். குழந்தை அதற்குள் தூங்கியிருக்கும்.

2009-ல் குழந்தைக்கு நாலு வயசு. குடும்பத்தோடு ஹைதராபாத் போனோம். சென்னையிலிருந்து ராத்திரி ரயில். மூட்டையோ அதிகம். கட்டுச்சோறு, குழந்தைக்குக் கம்பளி, மருந்து. ரோசியைப் பையில் வைக்க இடமில்லை. உண்மையைச் சொன்னால் இடம் இருந்தது. எனக்குத்தான் வெட்கம். ஒரு கண் மூடாமல், தலைமயிர் பாதி உதிர்ந்து இருந்த பொம்மையை என் ஓர்ப்படியின் பிள்ளைகளுக்கு முன்னால் எடுத்துப் போக மனசு வரவில்லை. "ரோசி தூங்கறா" என்று சொல்லி பீரோ மேலே வைத்துவிட்டேன்.

அரக்கோணம் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி முழுக்க அழுகை. மறுநாள் சோறு இறங்கவில்லை, சாயங்காலம் உடம்பு கதகதவென்று சுட்டது. தண்ணி மாற்றம் என்றார் ஒருவர், திருஷ்டி என்றார் இன்னொருவர். அத்தை மட்டும் என்னைப் பார்த்து, "பொம்மையக் கொண்டாந்திருக்கலாமே, அம்மாடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் சாலார் ஜங் அருங்காட்சியகம் போனோம். மூசி ஆற்றங்கரையில் இருக்கிறது. போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை. அங்கே எத்தனையோ சிலையும் சித்திரமும் இருந்தாலும் ஜனங்கள் நாற்காலி பிடித்துக் காத்திருப்பது ஒரு கடிகாரத்துக்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிகாரம், கல்கத்தாவில் இருந்த குக் அண்ட் கெல்வி என்ற கடையில் வாங்கியது. உள்ளே ஒரு கொல்லன் பொம்மை விநாடிக்கு ஒருதரம் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருக்கும். மணி ஆவதற்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஒரு கதவு திறந்து தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வரும். எத்தனை மணியோ அத்தனை தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விடும். பன்னிரண்டு மணிக்குத்தான் கூட்டம் அதிகம். பன்னிரண்டு தட்டு கேட்கலாம் அல்லவா!

அன்று அந்தப் பன்னிரண்டும் அடித்து முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். இவள் மட்டும் என் தோளில் சாய்ந்தபடி கேட்டாள்: "தாத்தா அவங்க வீட்டுக்குள்ள போயிட்டாரா? ரோசி நம்ம வீட்டுல தனியா இருக்காம்மா."

எனக்குப் பதில் இல்லை. நாலு வயசுக் குழந்தை பொம்மைக்காக அழவில்லை, பொம்மையைத் தனியாக விட்டுவிட்டோமே என்று அழுதிருக்கிறது. வீடு வந்து பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுத்ததும், சாவியைக் கூடத் திருகவில்லை, அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினாள்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு கட்டுரையில் படித்தேன். இங்கிலாந்தில் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர், மனநல மருத்துவரும்கூட, 1953-ல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறாராம். பொம்மையோ கம்பளித் துண்டோ குழந்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அம்மாவை விட்டு விலகிப் பழகுவதற்கு அது ஒரு துணை என்கிறார். பெற்றவர்கள் அதன் மதிப்பைத் தெரிந்துகொண்டு பிரயாணத்திலும் கொண்டுபோவார்கள், அழுக்கானாலும் நாற்றமடித்தாலும் துவைக்காமல் விடுவார்கள், ஏனென்றால் துவைத்தால் அந்த வாசனை போய்விடும், தொடர்ச்சி அறுந்துவிடும் என்கிறார். துவைக்காமல் விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. சுண்ணாம்பாற்று மணலையும் கடல் தண்ணியையும் பார்த்தவள் நான். ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் துவைக்காதீர்கள். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து, குழந்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து, "ரோசிக்குக் குளியல்" என்று சொல்லிச் செய்யலாம். இசைப் பெட்டி உள்ள பொம்மையை முக்கி எடுக்கக் கூடாது. தையலைப் பிரித்துப் பெட்டியை எடுத்துவிட்டு அலசவேண்டும், அல்லது ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பிரித்தபோது என் பெண்ணோடு சேர்ந்து நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். விரல் அளவு ஒரு பித்தளை உருளை, அதன் மேல் முள் முள்ளாக. எதிரில் சீப்பு மாதிரி ஒரு எஃகுப் பட்டை. உருளை சுற்றும்போது முள் சீப்பின் பல்லைத் தட்டிவிடும். நீளமான பல் தாழ்ந்த சுரம், குட்டைப் பல் உச்ச சுரம். சாவி கொடுக்கும்போது இறுகுகிற சுருள்வில் விரியும் வரைக்கும் பாட்டு. ஜெனீவாவில் அந்துவான் ஃபாவர் என்ற கடிகாரக்காரர் 1796-ல் இந்தச் சீப்பு வேலையைக் கண்டுபிடித்தாராம். அதற்கு முந்தியே நம் பக்கத்து ஊர் ராஜா திப்பு சுல்தானிடம் பாடும் பொம்மை இருந்திருக்கிறது. புலி ஒரு வெள்ளைக்காரனைக் கவ்வுகிற மரப்பொம்மை. பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், ஆள் அலறுவான். புலியின் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஆர்கனும் உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துப்போனது இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைக் கொண்டு யாரும் குழந்தையைத் தூங்க வைத்திருக்க மாட்டார்கள்!

கடற்கரை ஊரில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளே வியர்த்து இன்னும் மோசம். பருத்தித் துணிப் பையே நல்லது. இறுகி நின்ற பிறகும் சாவியைத் திருகக் கூடாது. பொம்மையின் கழுத்தில் ஒரு நாடா கட்டி அதில் உங்கள் ஃபோன் நம்பரை எழுதித் தைத்துவிடுங்கள். படகில் ஏறும்போது பொம்மையைக் குழந்தையின் பாவாடை இடுப்போடு ஒரு கயிற்றால் முடிந்துவிடலாம், கயிறு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். கழுத்தில் மட்டும் மாட்டவே கூடாது. அந்த வேன் பெண்ணிடம் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். இப்போது கடையில் கிடைக்கிற பாடும் பொம்மைகள் பலவற்றில் சட்டைப் பொத்தான் அளவில் வட்டமான பேட்டரிதான். குழந்தை அதை விழுங்கிவிட்டால், உணவுக் குழாயில் சிக்கிய இடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். உயிருக்கே ஆபத்து. திருகாணி போட்டு மூடிய பொம்மையை மட்டும் வாங்குங்கள். பேட்டரி காணவில்லை, குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

என் பெண் வளர்ந்தாள். ரோசி பரணுக்குப் போனாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தைக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் உப்பு போட்டோமா என்பதில். பிறகு மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். இப்போது எழுபத்தெட்டு வயசு. சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்பார், வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. கோயிலுக்கு அழைத்துப் போனால் மனசு அடங்கும் என்று கூட்டிப்போனேன். தீபாராதனை சமயத்தில் சுவிட்சைப் போட்டார்கள். இப்போதெல்லாம் மோட்டார்தானே மேளமும் மணியும் அடிக்கிறது! அந்தச் சத்தத்தில் அத்தை நடுங்கி என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒரு காலத்தில் தவில் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறவர்.

பரண் சுத்தம் செய்த அன்று ரோசி கிடைத்தாள். சும்மா ஒரு திருகு திருகினேன். கட்டிலில் இருந்த அத்தை திரும்பிப் பார்த்தார். கையை நீட்டினார். பாட்டு இழுத்து நின்றதும், யாரும் சொல்லாமலே, அந்தக் கடைசி சுரத்தைப் பாடி முடித்தார். என் பெயர் நினைவில்லாத அத்தை!

வெளிநாடுகளில் சில முதியோர் இல்லங்களில் இப்படிப் பொம்மை கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. பெரியவர்களைச் சிறுபிள்ளையாக்குவது இது என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் நாங்கள் "இது உங்க குழந்தை" என்று சொல்வதில்லை. கையில் திணிப்பதும் இல்லை. எட்டுகிற இடத்தில் வைத்துவிடுவோம், அவராக எடுத்தால் சரி. எடுத்ததை மட்டும் பிடுங்குவதில்லை. சில நாள் அதை என் நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாத்தனார் ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

தையில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். பொம்மையோடு போவதா என்று என் கணவருக்குத் தயக்கம். "நாலு பேர் சிரிப்பாங்க, பையிலேயே இருக்கட்டும்" என்றார். எனக்கு 2009 ஞாபகம் வந்தது. "சிரிச்சா சிரிக்கட்டும்ங்க" என்றேன். சிரிக்கத்தான் செய்தார்கள். ஒரு சின்னப் பையன் "பாட்டி பொம்மை வெச்சு வெளையாடுது" என்று கத்தினான். அவன் அம்மா அதட்டினாள். அத்தை காதில் எதுவும் விழவில்லை. ஆனால் திரும்பும்போது ராத்திரி பஸ்ஸில், விளக்கை அணைத்ததும் "யார்ரா நீ, என்னை எங்க இட்டுக்கினு போற?" என்று பெற்ற பிள்ளையைப் பார்த்தே அலறிவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் கணவர் ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து அவரே சாவி கொடுத்தார். இரண்டு தடவை பாட்டு முடிவதற்குள் அத்தை அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டார். பின் சீட்டில் இருந்த ஒருவர், "இன்னொரு தடவை வைங்க சார்" என்றார்.

1927-ல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் பொம்மைகளைக் கப்பலில் அனுப்பினார்களாம். நம் கொலு போல அவர்களுக்கு மார்ச் 3-ல் பொம்மைத் திருநாள், அதற்காக. ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட்டும் உண்டு. பிறகு யுத்தம் வந்து, எதிரி நாட்டுப் பொம்மை என்று அழிக்கச் சொன்னபோது, சில பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். என் பெண் இதை ஃபோனில் படித்துக் காட்டினாள். என் கணவர் கேட்டுவிட்டு, "நம்ம ரோசியும் பிரான்சுலேர்ந்து வந்தவதானே, அவளுக்கு பாஸ்போர்ட் எங்கே?" என்றார்.

சுருள்வில் போன மாதம் ஒருமுறை நின்றுவிட்டது. என் பெண் பாட்டை செல்ஃபோனில் பதிவுசெய்து வைத்திருந்தாள். அதைப் போட்டால் அத்தை ஃபோனைப் பார்க்கவே இல்லை, பொம்மையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நல்லவேளை, வாட்ச் ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் துருவைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓடவைத்துக் கொடுத்தார். பாட்டு கொஞ்சம் வேகமாகிவிட்டது. அத்தையும் கடைசி சுரத்தைச் சற்று முன்னாலேயே பாடிவிடுகிறார்.

வருகிற ஞாயிறு கூட்டம் சேரும் முன்பே, காலையில் படகுத் துறைக்கு அழைத்துப் போகப் போகிறோம். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அத்தை ஒருமுறையும் படகில் ஏறியதில்லை. சாண் நீளக் கயிறு ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். "ரோசிக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று நேற்றே மூன்று தடவை கேட்டுவிட்டார்.